மூன்றாம் எண் மின்தூக்கி

1991 ஜூன் மாதம் யேசுதாசனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்ததில் அட்டை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் காலண்டர் தாளை ஒட்டி வைத்திருந்தான். வயது முப்பத்து நாலு. இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தால் அந்த அட்டையால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

அவனுக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. குரோம்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவில் அவனை ‘மின்தூக்கி இயக்குநர், நிலை இரண்டு’ என்று போட்டிருந்தது. மனைவி செல்வமேரி இரண்டு தடவை படித்துவிட்டு, மூட்டை தூக்குகிற வேலையா என்று கேட்டாள். லிஃப்ட் ஓட்டுகிற வேலை என்று தபால்காரர்தான் விளக்கிச் சொன்னார். சொன்னவர், தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எங்கே லிஃப்ட் இருக்கிறது என்று தெரியவில்லையே என்று யோசித்தபடி சைக்கிளில் ஏறினார்.

உத்தரவு அனுப்பியது நிதிக் கோபுரத் திட்டச் சிறப்பு ஆணையம். மேடவாக்கத்துக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய புறம்போக்கில் நிதி நகரம் ஒன்று வரப்போகிறது; அதன் நடுவே முப்பத்தாறு மாடிக் கோபுரம் எழும்பும்; பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் பங்குத் தரகர்களும் அதில் மாடிக்கு மாடி உட்காருவார்கள். இதுதான் திட்டம். அதற்கான ஆணையம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாவு மில்லின் மாடியை வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருந்தது. மில் ஓடும்போது மேஜைகள் லேசாக அதிரும். ஃபைல்கள்மேல் மெல்லிசாகக் கேழ்வரகு மாவு படிந்திருக்கும்.

சேர்வதற்கு முன் உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். உயரத்தைக் கண்டு பயப்படாதவர் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்து, அவனை ஸ்டூலின்மேல் ஏறி நிற்கச் சொன்னார். தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றான். எழுதிக் கொடுத்தார்.

ஆணையத்தின் தனி அலுவலர் ஸ்ரீநிவாசராகவன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நெற்றியில் மெல்லிய திருமண், சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரத்தின் தெர்மோகோல் மாதிரி ஒன்று நின்றது. இடுப்பளவு உயரம். அதன் அடிவாரத்தில் பச்சைத் தாளில் புல்வெளியும், பெருவிரல் அளவில் கார்களும் இருந்தன. யேசுதாசனை அதன் முன்னால் நிறுத்தி, உள்ளே மொத்தம் எட்டு லிஃப்ட் என்றும் அவனுக்கு மூன்றாம் எண் என்றும் சொன்னார்.

எப்போது கட்டி முடிப்பார்கள் என்று யேசுதாசன் கேட்டான். அவர் அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “கட்டடம் என்பது கடைசியில் வருகிற விஷயம் யேசுதாசன். முதலில் நிர்வாகம். கட்டடம் தயாராகி, ஆள் தயாராக இல்லாவிட்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். இங்கே ஆள் தயார். இனிமேல் சிரிக்க வேண்டியது கட்டடத்தைப் பார்த்துத்தான்” என்றார்.

யேசுதாசன் எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்வி நாற்பது நாள் ஃபைலில் இருந்தது. லிஃப்ட் ஓட்டுபவர் லிஃப்டில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆபீஸில் உட்கார்ந்தால் பணியிடத்தில் இல்லை என்று ஆகிவிடும். கடைசியில் சர்வேயர் ஒருவரை அழைத்துக்கொண்டு புறம்போக்குக்குப் போய், வரைபடத்தில் மூன்றாம் எண் லிஃப்ட் எங்கே வருகிறதோ அந்த இடத்தை அளந்து, ஆறடிக்கு ஆறடி சதுரமாக நாலு கல் நட்டார்கள். நடுவே ஒரு ஸ்டூல் போட்டார்கள். பதிவேடு ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் ‘மேலே சென்ற நடைகள்’, ‘கீழே வந்த நடைகள்’, ‘பழுது’ என்று மூன்று பத்திகள்.

காலை பத்து மணிக்கு மேடவாக்கத்தில் பஸ் இறங்கி, வரப்பு வழியே நடந்து வந்து யேசுதாசன் நாலு கல்லுக்கு நடுவே உட்காருவான். சுற்றிலும் கோரையும் அருகம்புல்லும். எட்டத்தில் பனைமரங்கள். எருமைகள் ஏரிக்குப் போகும்போது அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும். மாலை ஐந்தே முக்காலுக்குப் பதிவேட்டைத் திறந்து மேலே இல்லை, கீழே இல்லை, பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

முதல் மாதம் வெட்கமாக இருந்தது. சர்ச்சில் பார்க்கிறவர்கள் வேலை எப்படி என்று கேட்டால், பரவாயில்லை, கூட்டம் அதிகமில்லை என்பான்.

அந்தப் பக்கம் தினமும் வருகிறவள் கன்னியம்மா. பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து மேயவிட்டு, தானும் புல் அறுத்துக் கட்டி மாட்டுக்காரர்களுக்கு விற்பாள். ஒரு வாரம் அவனைத் தள்ளி நின்று பார்த்தாள். எட்டாம் நாள் பக்கத்தில் வந்து, யார் இவனை இங்கே உட்கார வைத்தது, வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்தாள். அவன் விவரமாகச் சொன்னான். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து கூழ் கொண்டுவந்தால் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் யேசுதாசன் ஒரு குடை வேண்டும் என்று மனு கொடுத்தான். பதினேழு நாளில் பதில் வந்தது. ‘வரைபடத்தின்படி மூன்றாம் எண் மின்தூக்கி எவர்சில்வர் தகட்டாலான மேற்கூரை கொண்டது, அதனுள் மழை பெய்ய வாய்ப்பில்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ அந்தக் கடிதத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அன்றைக்கு பஸ் ஸ்டாப் வரை நடந்தான்.

இதற்குள் கோபுரம் குள்ளமாகிக்கொண்டிருந்தது. விமானங்கள் தாழப் பறக்கிற வட்டாரம் என்று ஆட்சேபம் வந்ததும் முப்பத்தாறு மாடி இருபத்து நாலு ஆயிற்று. ஏரி மண் தாங்காது என்று பரிசோதனை சொன்னதும் பதினாறு ஆயிற்று. பதினாறு மாடிக்குத் தண்ணீர் எங்கிருந்து ஏறும் என்று யாரோ கேட்டதும் பதினொன்று ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் உத்தரவு வந்த அன்றே ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். சூப்பரிண்டெண்டெண்ட் திரிபுரசுந்தரி பிளேடை எடுத்துப் பென்சில் கோடு போட்டு, உச்சியிலிருந்து அத்தனை மாடியையும் நேராக அறுத்து எடுப்பாள். மிச்சத் துண்டுகளைக் கொலுவுக்கு உதவும் என்று வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

ஆணையத்தின் இரண்டாம் ஆண்டு விழா புறம்போக்கிலேயே ஷாமியானா போட்டு நடந்தது. யேசுதாசன் தன் சதுரத்துக்குள் உட்கார்ந்தபடியே கேட்டான். தனி அலுவலர் மைக்கைப் பிடித்து, சந்தேகப் பிராணிகளுக்குப் பதில் சொல்வதாக ஆரம்பித்தார்.

“இரண்டு வருஷத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். முப்பத்தாறிலிருந்து பதினொன்றுக்கு வந்திருக்கிறோம். இருபத்தைந்து மாடி. இந்த வேகத்தில் உலகத்தில் எந்தக் கட்டடமும் நகர்ந்ததில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். இந்த ஊரில் எத்தனையோ புதுக் கட்டடங்கள் ஒழுகுகின்றன, விரிசல் விடுகின்றன. நம்முடைய கோபுரத்தில் இன்று வரை ஒரு சொட்டு ஒழுகல் உண்டா? ஒரு விரிசல் உண்டா? எட்டு லிஃப்டில் ஒன்றாவது பாதி வழியில் நின்றது உண்டா?”

எல்லோரும் கை தட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. யேசுதாசனும் தட்டினான்.

அந்த விழா நடந்தபோது செல்வமேரி ஆறு மாத கர்ப்பம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான குழந்தை. இனி எதற்கும் கவலையில்லை, அரசாங்கம் நம் பக்கம் இருக்கிறது என்று அவள் தைரியமாக இருந்தாள். பால்வாடி ஆயா வேலையையும் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் யேசுதாசனுடைய தகுதிகாண் பருவம் முடிய வேண்டும். இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் நிரந்தரம். அவன் சந்தோஷமாக ஆபீஸுக்குப் போனான். திரிபுரசுந்தரி அவனை உட்காரச் சொன்னாள். அந்த ஆபீஸில் கீழ்நிலை ஊழியரை உட்காரச் சொன்னால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

மேலிடத்தில் ஃபைலுக்கு ஆட்சேபம் போட்டிருந்தார்கள். இரண்டு வருஷப் பதிவேட்டில் ஒரு நடைகூட இல்லை. லிஃப்ட் ஒரு நாளும் இயக்கப்படவில்லை. ஆகவே இயக்குநர் பணி தொடங்கவே இல்லை. தொடங்காத பணியை முடித்ததாகச் சொல்ல முடியாது. குறித்த காலத்துக்குள் தகுதிகாண் பருவத்தை முடிக்காதவரைப் பணியிலிருந்து விடுவிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

“நான் தினமும் போனேனே மேடம்” என்றான் யேசுதாசன்.

“போனீங்க. அது அட்டெண்டன்ஸ். அவங்க கேக்கறது சர்வீஸ்” என்றாள். அவளுக்கே அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த ஆபீஸில் ஒவ்வொருத்தரைப் பற்றியும் இதே ஆட்சேபத்தைப் போடலாம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு நடைகளை எழுதும் பதிவேடு இல்லை.

அவன் வீட்டில் சொல்லவில்லை. மாசமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது. காயில் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான். அவன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அரசாங்க உத்தியோகத்தை விட்டு யாராவது இங்கே வருவார்களா என்று முதலாளி தமாஷாக எடுத்துக்கொண்டார்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கியதும் ஒரு வாரம் லீவு கேட்டான். மாற்று இயக்குநரிடம் லிஃப்டை ஒப்படைத்துவிட்டுத்தான் லீவில் போக முடியும் என்று விதி இருந்தது. மாற்று இயக்குநர் என்று யாரும் இல்லை. திரிபுரசுந்தரி விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினாள். விளக்கம் வருவதற்குள் குழந்தைக்கு அவசரம் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் செல்வமேரியின் தம்பி சவுரிமுத்து வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது, தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்றான். யேசுதாசன் ஸ்டூலை விட்டு எழுந்தான். இரண்டடி நடந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் காலை வைக்காமல் நின்றுவிட்டான். ஏற்கெனவே வேலை ஊசலாடுகிறது. இதில் பணியிடத்தை விட்டு ஓடினான் என்றும் சேர்ந்தால் அதோடு முடிந்தது.

கன்னியம்மா புல்லை அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அரிவாளைப் புல்லுக்கட்டில் செருகிவிட்டு வந்தாள்.

“இன்னாத்துக்கு நின்னுகினு கீற? இந்த முக்காலி மேல ஒரு ஆளு குந்தினு இருக்கணும், அவ்ளோதானே? நான் குந்திக்கிறேன். நீ போ. பொம்பள அங்க உன்னத் தேடினு இருப்பா” என்றாள்.

அவன் போனான். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைநிறைய முடி. அதைக் கையில் வாங்கியபோது, மூன்றாம் எண் மின்தூக்கி என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

அன்றைக்குத்தான் நகரத்திலிருந்து ஜீப்பில் திடீர்த் தணிக்கை வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. தணிக்கைக்காரர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு, பேண்டில் ஒட்டிய நாயுருவியைத் தட்டித் தட்டி நடந்து வந்தார்கள். மூன்றாம் எண்ணில் கன்னியம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நிழலுக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் இரண்டு ஆடுகள் அவள் காலடியில் படுத்திருந்தன. புல்லுக்கட்டு ஒரு மூலையில் இருந்தது.

பத்தாம் நாள் யேசுதாசனுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ‘மூன்றாம் எண் மின்தூக்கியை அங்கீகாரமற்ற, சீருடை அணியாத நபரின் பொறுப்பில் விட்டது, பயணிகளுக்கு மட்டுமான மின்தூக்கியில் இரண்டு ஆடுகளையும் ஒரு புல்லுக்கட்டையும் ஏற்ற அனுமதித்தது, அதன்மூலம் பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது’. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு அவன் திரிபுரசுந்தரி முன்னால் போய் நின்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. அவள் வாங்கிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு அந்த இரண்டு வருஷத்தில் அவன் பார்த்திராத ஒன்று நடந்தது. அவள் சிரித்தாள்.

கீழே மில் நிற்கும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் சொன்னாள். “மிஸ்டர் யேசுதாசன், இதை மறுத்துடாதீங்க. லிஃப்ட் ஓடவே இல்லைன்னுதானே உங்களை அனுப்பப் பார்த்தாங்க? இப்ப அவங்களே வந்து பார்த்து, லிஃப்ட் ஆபத்தான நிலையில ஓடினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. சர்வீஸ்ல இல்லாத ஆளைத் தண்டிக்க முடியாது. நீங்க தண்டனை வாங்கினா நிரந்தரம்.”

ஆனால் விசாரணையில் கன்னியம்மா சாட்சி சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரி ஸ்ரீநிவாசராகவன்தான். அங்கே லிஃப்டே இல்லை என்று அவள் உண்மையைச் சொல்லி, அது எழுத்தில் ஏறிவிட்டால் யேசுதாசன் வேலை மட்டும் இல்லை, மாவு மில் மாடியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருடைய வேலையும் கேள்விக்கு வரும்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை யேசுதாசன் அவள் வீட்டுக்குப் போனான். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இப்படி இப்படிச் சொல் என்று சொல்லத்தான் போனான். குழந்தை எப்படி இருக்கிறது, பால் குடிக்கிறதா, அம்மாவுக்குப் பத்தியம் யார் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்காக உட்கார்ந்தவளிடம் பொய்யும் சொல்லச் சொல்வதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

விசாரணை மறுநாள் பதினொரு மணிக்குத் தனி அலுவலர் அறையில் நடந்தது. கண்ணாடிப் பெட்டி பக்கத்திலேயே கன்னியம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. திரிபுரசுந்தரி குறிப்பெடுக்க நோட்டுடன் உட்கார்ந்தாள். யேசுதாசன் கதவோரம் நின்றான்.

பெயர், ஊர் எல்லாம் கேட்டு முடித்து, சம்பவத்தன்று மின்தூக்கியில் இருந்தது நீங்கள்தானா என்று ஸ்ரீநிவாசராகவன் கேட்டார். இந்தத் தம்பி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

“எந்த மாடிக்குப் போனீர்கள்?”

“இன்னா மாடி சார்? அங்க மாடியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வெறுந்தரைதான் கீது.”

கீழே மில் ஓடுகிற சத்தம் மட்டும் மேஜைக் கால்களில் கேட்டது. ஸ்ரீநிவாசராகவன் பேனாவை மூடித் திறந்தார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருப்பார். இப்படி ஒரு வாக்கியத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

திரிபுரசுந்தரி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். “தரைத்தளம்னு எழுதிக்கலாமா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதிக்கோங்கோ” என்றார்.

அதன் பிறகு விசாரணை சுலபமாக நடந்தது. ஆடுகள் ஏதாவது கருவியைச் சேதப்படுத்தினவா என்று கேட்டார். ஆடு புல்லைத்தான் தின்றது என்றாள். சேதம் இல்லை என்று பதிவாயிற்று. புல்லுக்கட்டு என்ன கனம் என்று கேட்டார். ஒரு ஆள் சுமக்கிற கனம் என்றாள். அனுமதிக்கப்பட்ட எடைக்கு உட்பட்டது என்று பதிவாயிற்று. அவள் கடைசிவரை ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்களும் அவள் சொன்னதைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒரு மாதத்தில் இறுதி உத்தரவு வந்தது. சம்பவ நேரத்தில் மின்தூக்கி தரைத்தளத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் உயிராபத்து என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. அங்கீகாரமற்ற நபரிடம் ஒப்படைத்தது நிரூபணமாயிற்று. இயக்குநர் யேசுதாசன் கண்டிக்கப்படுகிறார். இரண்டு வருஷம் விபத்தின்றி மின்தூக்கியைப் பராமரித்ததால் அவரது பணி அந்தத் தேதியிலிருந்து நிரந்தரமாக்கப்படுகிறது.

செல்வமேரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்த உத்தரவைப் படித்தாள். ஆட்டை நிஜமாகவே லிஃப்டில் ஏற்றினாயா என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் அவன் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னான். அவள் நடுவில் இரண்டு தடவை சிரித்தாள், கடைசியில் கொஞ்சம் அழுதாள். பிறகு குழந்தையைக் கன்னியம்மாவிடம் காட்டிவிட்டு வர வேண்டும் என்றாள்.

உத்தரவின் கடைசிப் பத்தியில் ஒரு பரிந்துரையும் இருந்தது. மாற்று இயக்குநர் இல்லாததே இந்தச் சம்பவத்துக்குக் காரணம். ஆகவே மூன்றாம் எண் மின்தூக்கிக்கு மாற்று இயக்குநர் பணியிடம் ஒன்று உருவாக்கப்படுகிறது. ஏற்கெனவே அந்த மின்தூக்கியில் பணி அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை. அப்படிப்பட்ட ஆள் ஊரிலேயே ஒருத்திதான். படிப்பில்லாவிட்டாலும் விதிவிலக்கு வாங்கிவிடலாம், விசாரணை அறிக்கையே அனுபவச் சான்றிதழ் என்று திரிபுரசுந்தரி சொல்லி, விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தனுப்பினாள். கைநாட்டு மட்டும்தான் பாக்கி.

யேசுதாசன் அதையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு புறம்போக்குக்கு வந்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செய்த உதவிக்கு எப்படிக் கைம்மாறு செய்வது என்று அவன் தவித்துக்கொண்டிருந்த நேரம். அரசாங்க வேலை, மாதச் சம்பளம், வயதான காலத்தில் பென்ஷன் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னான். கன்னியம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள்.

“வேல இன்னா?” என்றாள்.

“நான் இல்லாதப்போ இங்க உக்காரணும்.”

“குந்தினு இன்னா பண்ணணும்?”

யேசுதாசன் இரண்டு வருஷத்துக்கு முன் தனி அலுவலர் தனக்குச் சொன்ன பதிலை நினைவுபடுத்திப் பார்த்தான். அது வரவில்லை.

“அன்னிக்கு ஒரு நாளு குந்தினேன். இடுப்பே விட்டுப்போச்சு” என்றாள் கன்னியம்மா. “உனக்கு அவசரம்னா சொல்லு, எப்ப வேணா வந்து குந்திக்கிறேன். அதுக்குக் காகிதம் வேணாம். எனக்கு வேல கீதுப்பா.”

சொல்லிவிட்டு ஆடுகளை அதட்டினாள். அறுத்த புல்லைச் சேர்த்து, காலால் மிதித்து, பெரிய கட்டாகக் கட்டினாள். வழக்கத்தைவிடக் கனமாகிவிட்டது போலிருக்கிறது; ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, கை கொடுக்க ஆள் உண்டா என்று சுற்றிப் பார்த்தாள்.

யேசுதாசன் விண்ணப்பத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கல்லைத் தாண்டி வந்தான். குனிந்து, கட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் மேலே தூக்கி அவள் தலையில் வைத்தான்.